அடுப்புப் புகையும் பெண்களின் நுரையீரலும்

  

என் வழக்கு மருத்துவர்களான உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். பீடி, சிகரெட் தொடாத பெண்ணுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி., வருமா? "வரும், ஆனால் அபூர்வம்" என்பது மருத்துவ நண்பர்களின் நெடுநாள் பதில். நான் இதை ஏற்கவில்லை. நாம் கேட்காததால்தான் அது அபூர்வமாகத் தெரிகிறது. நம் கேஸ் ஷீட்டில் புகைப்பழக்கத்துக்கு ஒரு கட்டம் உண்டு. கேரளத்தின் அட்டப்பாடியிலிருந்து கொடுங்கரைப்பள்ளம் ஆற்றைத் தாண்டி ஆனைகட்டிக்கு வரும் ஐம்பது வயது அம்மாவுக்கு அதில் "இல்லை" என்று எழுதுகிறோம். வீட்டில் எரிவது விறகா, வரட்டியா, கேஸா என்று எழுத அங்கே இடமே கிடையாது. கடைசியில் "வீசிங்" என்று குறித்து, ஒரு பம்ப் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவர் சிறுமியாக ஊதுகுழல் எடுத்த நாள் முதல் குடித்த புகை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இந்த வழக்குக்கு 1959இலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் எஸ். பத்மாவதி. 1917இல் பர்மாவின் மக்வேயில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் படித்தவர். 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்குத் தப்பி, தாயோடும் சகோதரிகளோடும் அவர் வந்து சேர்ந்த ஊர் நம் கோயம்புத்தூர். பின்னர் வெளிநாடுகளில் இதய மருத்துவம் பயின்று, 1953இல் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர் கவனத்தை இழுத்தது "கார் பல்மொனேல்" என்னும் நிலை. நுரையீரல் கெட்டு இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது நுரையீரலின் சிறு குழாய்கள் இறுகுகின்றன. அழுத்தம் ஏறுகிறது, அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது அறை தடித்து, கடைசியில் தளர்கிறது. கழுத்துச் சிரை புடைக்கும், கல்லீரல் வீங்கும், கணுக்காலை அழுத்தினால் குழி விழும். மேல்நாட்டுப் பாடநூல்களில் இது பெரும்பாலும் ஆண்களின் நோய். சிகரெட்டும் சுரங்கமும் தொழிற்சாலையும் தரும் நோய்.

டெல்லியில் அவர் கண்டது வேறு. பதக் என்பவரோடு சேர்ந்து 127 நோயாளிகளைப் பற்றி "சர்க்குலேஷன்" இதழில் எழுதினார். பெண்கள் திரளாக இருந்தார்கள். அவர்களில் புகைப்பவர்கள் மிகக் குறைவு. அப்படியானால் அந்த நுரையீரல்களைக் கெடுத்தது எது? அவர் விடையை அடுப்படியில் கண்டார்: சாளரமில்லாத அறையில் வரட்டியும் விறகும் மூட்டிய புகை. நெஞ்சக மருத்துவர்களான நாம் காணாததை, வீங்கிய காலிலிருந்து பின்னோக்கி நடந்து ஓர் இதய மருத்துவர் கண்டார். 2020இல், 103 வயதில், கொரோனாவில் அவர் மறைந்தபோது முதல் பெண் இதய மருத்துவர் என்று நாடு புகழ்ந்தது. அந்தப் புகழுரைகளில் அவருடைய 1959 கட்டுரைக்கும் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பின் வந்தவை வலுச் சேர்த்தவையே. 1983இல் ஆய்வாளர் கிர்க் ஸ்மித்தின் குழுவினர் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலிலேயே கருவியை மாட்டி, அவர்கள் சுவாசிக்கும் தூசியை அளந்தார்கள். 2009இல் நெஞ்சக மருத்துவர்கள் சந்தீப் சால்வியும் பீட்டர் பார்ன்ஸும் "லான்செட்" இதழில் புகைக்காதவர்களின் சி.ஓ.பி.டி.யைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார்கள். பத்மாவதிக்குப் பின் ஐம்பது ஆண்டு!

நண்பர்கள் இப்போது "ஹாபின்" ஆய்வைக் காட்டுகிறார்கள். இந்தியா (தமிழ்நாடு) உள்பட நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு 18 மாதம் கேஸ் அடுப்பும் எரிபொருளும் தந்தார்கள். மற்ற பாதியினர் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம்; கேஸ் பெற்றவர்களுக்கு அது சுமார் 24தான். ஆனாலும் குழந்தையின் பிறப்பு எடை கூடவில்லை. கடும் நிமோனியாவும் குறையவில்லை. உண்மைதான். ஆனால் அந்த ஆய்வு கேட்டது பெரிதும் சிசுவைப் பற்றி. முப்பது ஆண்டு புகை குடித்த நுரையீரலுக்கு 18 மாதக் கணக்கு எப்படிப் பதிலாகும்? இருபது ஆண்டு புகைத்தவர் நேற்று சிகரெட்டை விட்டும் இருமுகிறார் என்பதற்காக, சிகரெட் குற்றமற்றது என்று எவரும் சொல்வதில்லையே.

நாம் இதைத் தவறவிட இன்னொரு காரணமும் உண்டு. விறகுப் புகை நோயில் எம்ஃபைசிமா, அதாவது காற்றுப்பைகளின் சிதைவு, குறைவாகவும் மூச்சுக்குழல் தழும்பு மிகுதியாகவும் இருக்கும். எக்ஸ்ரே படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாததால் ஆஸ்துமா என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஊதும் பரிசோதனைதான் உண்மை சொல்லும்: மருந்து கொடுத்த பிறகும் முதல் நொடியில் வெளிவரும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் குறைவானால் அது அடைப்பு.

இந்த நோயாளிகளின் உறக்கத்தைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. சி.ஓ.பி.டி.யும் உறக்க மூச்சுத் தடையும் சேர்ந்தால் இரவில் ஆக்சிஜன் மிகவும் சரியும். ஃப்ளென்லி என்னும் மருத்துவர் 1985லேயே இந்த இணைப்புக்குப் பெயரிட்டார். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் வீடுகளில் இதை ஆராய வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவை. கேஸ் ஷீட்டில் அடுப்புக்கு ஒரு கட்டம், எத்தனை ஆண்டு என்பதோடு. அட்டப்பாடியின் கோட்டத்தறை போன்ற மருத்துவமனைகளை மையமாக வைத்து, ஊர் ஊராக ஊதும் பரிசோதனை. விரலில் மாட்டும் கருவியால் இரவு முழுதும் ஆக்சிஜன் பதிவு. சிலிண்டர் வாங்கிய வீடுகளைச் சில ஆண்டுகளாவது தொடர வேண்டும். சமையல் கேஸில் நடந்தாலும் வாசலில் வெந்நீருக்கு விறகு எரிந்தால் அதையும் கணக்கில் எழுத வேண்டும்.