ஐந்து கேள்விகளும் ஒரு பால் டின்னும்



இருபது வருடத்துக்கு முன்பு ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் இருந்தேன். எச்.ஐ.வி. உள்ள தாய் குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்று முடிவுசெய்ய அப்போது ஐந்து கேள்விகள் கேட்போம். பவுடர் பால் வீட்டில் ஏற்றுக்கொள்வார்களா, கலக்க வசதி உண்டா, விலை கட்டுமா, தொடர்ந்து கிடைக்குமா, தண்ணீர் சுத்தமா? ஒரு தாய் ஐந்துக்கும் தலையாட்டினார். நானும் டிக் போட்டேன். இரண்டாம் மாதம் குழந்தை வயிற்றுப்போக்கோடு வந்தது, வற்றிப்போயிருந்தது. தாய் பையிலிருந்து டின்னை எடுத்துக் காட்டினார். ஒரு வாரம்கூட வராத டின், மூன்று வாரமாக ஓடியிருக்கிறது. ஒரு கரண்டி போடவேண்டிய இடத்தில் அரைக் கரண்டிகூட இல்லை. "தீந்துட்டா அடுத்ததுக்கு எங்க போறது டாக்டர்?" என்றார். டாக்டரிடம் பதில் இல்லை.

போட்ஸ்வானாவில் அரசே பவுடர் பாலை இலவசமாகக் கொடுத்தது. 2006 தொடக்கத்தில் பெருமழை, குடிநீர் கெட்டது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். ஆய்வு செய்தபோது, மருத்துவமனைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள் என்று தெரிந்தது. கிருமிக்குப் பயந்து பாலை நிறுத்தினோம். வேறு கிருமி கொண்டுபோனது.

இன்று நிலைமை வேறு. சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றக்கூடியது, கூட்டு மருந்தால் ஐந்துக்கும் கீழே வந்திருக்கிறது. 2014 முதல் நம் நாடெங்கும் எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு ஆயுள் முழுக்க மருந்து. மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு தாய்ப்பால் கொடுக்கலாம். பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம். பசி தீரவில்லை.

அரைவயிறு சாப்பிடும் தாய்க்கு உண்மையில் பால் அவ்வளவு குறைவதில்லை. ஆனால் குழந்தை அழுதால் "பால் ஊறல" என்று மாமியார் முடிவுகட்டிவிடுவார். உடனே பசும்பால் வரும், சர்க்கரைத் தண்ணீர் வரும். பிறந்த அன்றே சேனை வைத்தாகிவிட்டது என்பது வேறு கதை. தாய்ப்பாலோடு இவற்றைக் கலந்து கொடுப்பதுதான் ஆபத்து. தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளைவிடக் கலந்து குடித்தவர்களுக்குத் தொற்று அதிகம் என்று 1999-இலேயே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆய்வாளர் அன்னா கூட்சூடிஸ் குழுவினர் காட்டிவிட்டார்கள்.

அதே தாய், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்று இரண்டு வேளை விடுவார். மருந்து வாங்கப் போனால் அன்றைய கூலி போச்சு என்று ஒரு மாதம் தள்ளுவார். இரத்தத்தில் கிருமி ஏறும், பாலிலும் ஏறும். சிகிச்சை அட்டையில் "மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை" என்று எழுதிவிடுவோம். சாப்பிட்டாரா என்று எழுத அந்த அட்டையில் இடம் கிடையாது.

ரேஷன் அரிசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கணவன் இறந்து, புகுந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவளின் பெயர் எந்தக் கார்டில் இருக்கிறது? அங்கன்வாடி சத்துமாவு அவளுக்கு வருகிறதா, வீட்டில் ஐந்து பேருக்குக் களியாகிறதா? நோய் வெளித்தெரியாதபோதே உடம்புக்குப் பத்து சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு அந்தப் பத்து எங்கிருந்து வரும்?

இந்தக் கருத்தரங்குக்கு வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். பலவற்றில் "உணவுப் பாதுகாப்பின்மை" ஒரு கட்டமாக, ஆம்–இல்லை என்று நிற்கிறது. என் பழைய ஐந்து டிக்குகள்தான் நினைவுக்கு வந்தன. அதனால் அமைப்பாளர்களிடம் ஒரு மாற்றம் கேட்டிருக்கிறேன்: முதல் அமர்வில் கட்டுரைகளுக்கு முன், மாவட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் எச்.ஐ.வி. நம்பிக்கை மைய ஆலோசகர்கள் பேசட்டும். மைக்கை அவர்கள் பக்கம் கொடுங்கள்.