நோயாளியின் மொழி

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழம் உலகப் புகழ் பெற்றது. அந்தத் துறைமுகம் சேர்ந்த கொட்டியாரக் குடாவே மூதூர்க் கர்ப்பிணிக்கும் கிண்ணியா முதியவருக்கும் நெடுங்காலம் தடையாயிருந்தது. கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபின் பட்டின வைத்தியசாலைக்குச் செல்லும் வழி இலகுவாயிற்று. எனினும் வைத்தியசாலையை அடைந்தபின் கடக்கவேண்டிய தடையொன்று இன்னும் உண்டு.

1951ஆம் ஆண்டில் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. இன பேதம் பாராத அந்த ஏற்பாட்டைப் பெருமையுடன் நினைத்தல் தகும். ஆயினும் இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சை எல்லோருக்கும் ஒரே தரத்திற் கிடைக்கிறதா? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் பத்துக்கு நால்வர்; தமிழர் ஏறத்தாழ மூவர்; எஞ்சியோரிற் பெரும்பாலார் சிங்களவர். வைத்தியர்களோ நாடளாவிய இடமாற்றத்தில் வருபவர்கள். நோயாளி பேசுவது தமிழ். வைத்தியர் பேசுவது பலவேளை சிங்களம். குறிப்பேட்டில் எழுதப்படுவது ஆங்கிலம்.

நோவைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள்! கால் உளைகிறது, விலா குத்துகிறது, வயிறு கடுக்கிறது. நெஞ்சு எரிகிறது என்பது வேறு, நெஞ்சு இறுக்குகிறது என்பது வேறு. பின்னதை அசட்டை செய்தால் உயிருக்கே ஆபத்து. மொழிபெயர்ப்பவர் யார்? வாட்டிலுள்ள சிற்றூழியர், அல்லது பக்கத்துக் கட்டிலுக்கு வந்த உறவினர். அவர் வாயில் இவையெல்லாம் ‘நோகிறது’ என்ற ஒரே சொல்லாகிவிடும். சிலவேளை எட்டாம் வகுப்பிற் படிக்கும் மகளே துணைக்கு வருவாள். உதிரப்போக்கால் வாடும் தாய், மகள் முன்னிலையில் அதைச் சொல்லக் கூசித் தலைச்சுற்று என்கிறாள். வைத்தியர் தலைச்சுற்றுக்கு மருந்து எழுதுகிறார். எவரிடத்தும் தீய எண்ணமில்லை. நோய் மட்டும் வளர்கிறது.

சட்டத்திற் குறையில்லை. 1956ஆம் ஆண்டில் தனிச் சிங்களச் சட்டத்தால் ஒதுக்கப்பட்ட தமிழ், 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் அரசகரும மொழியுமாயிற்று. அரசாங்க உத்தியோகத்தர் இரண்டாம் மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமெனச் சுற்றறிக்கை 2007ஆம் ஆண்டில் வந்தது. ஆனால் பரீட்சையிற் சித்தியடைந்தவர் அலுவலகக் கடிதம் எழுதக்கூடும். நள்ளிரவில் முனகும் மூதாட்டியின் பேச்சை விளங்கிக்கொள்வார் என்பதற்கு அது உத்தரவாதமன்று.

வழி காட்டுவோர் நம்மிடமே உளர். 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள்முதல், வீடுவீடாய்ச் செல்லும் மருத்துவ மாது தாயின் மொழியிலேயே பேசிப் பிரசவ மரணங்களைக் குறைக்க உதவியிருக்கிறாள். அவள் வெற்றிக்குக் கல்வி எவ்வளவு காரணமோ, நெருக்கமும் அவ்வளவு காரணம். வாட்டிலும் அத்தகைய ஒருவர் வேண்டும். உள்ளூர் இளைஞரிலிருந்து தெரிந்து, பயிற்றி, இரகசியம் காக்கப் பணித்து, சம்பளத்துடன் நியமிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர். பெண்கள் வாட்டிற் பெண்ணே. செலவு என்பார் உளர். தவறாக விளங்கியதால் மீண்டும் மீண்டும் எடுக்கப்படும் பரிசோதனைகளுக்குச் செலவில்லையா? கோமரங்கடவலையிலிருந்து வரும் சிங்களக் கமக்காரர் தமிழ்த் தாதியின் முன் திகைத்து நிற்கும்போதும் இதே நியமனம் அவருக்கும் உதவும்.

அந்த எட்டாம் வகுப்புச் சிறுமியும் கிளினிக் நாளிற் பள்ளிக்கூடம் போவாள்.