காசல்ரி கரையில் ஒரு துரை பங்களா



பிள்ளைகள், பெரியவர்கள், சித்தப்பா குடும்பம், மாமி குடும்பம் என எல்லோரும் ஒரே கூரையின் கீழ் நாலு நாள் தங்க வேண்டுமென்றால், நம்மவர்களுக்கு நிலாவெளியும் பாசிக்குடாவும்தான் முதலில் நினைவுக்கு வரும். இன்று உங்களை மலைக்கு அழைத்துப் போகிறேன். கடல் இல்லாத ஊர். ஆனாலும் தண்ணீரைப் பார்த்தபடியே பொழுதைக் கழிக்கலாம்.

நுவரெலியாவிலிருந்து நானுஓயா, தலவாக்கலை வழியாக ஹட்டனுக்கு வாருங்கள். ஹட்டனைக் கடந்து டிக்கோயா, நோர்வூட் பாதையில் போனால் காசல்ரி நீர்த்தேக்கம் தெரியும். மின்சாரத்துக்காகக் கெசல்கமு ஓயாவை மறித்து 1960களில் கட்டியது. தேயிலை மலைகளின் மடிப்புக்குள்ளெல்லாம் தண்ணீர் புகுந்து கிடக்கிறது. ஒரு வளைவில் மறைந்து அடுத்த வளைவில் மறுபடி எதிர்ப்படும். கரையோரத்தில் 1878ஆம் ஆண்டின் வோர்லி தேவாலயம், சின்னஞ்சிறு கற்கோயில், இன்னும் நிற்கிறது. வானம் வெளுத்த காலையில் சிவனொளிபாதமலையும் தெரியும்.

இந்தக் கரையைச் சுற்றியுள்ள மேடுகளில்தான் துரை பங்களாக்கள் இருக்கின்றன. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாருக்காகக் கட்டியவை. நீண்ட விறாந்தை, உயரமான கூரை, அறைக்கு அறை கணப்படுப்பு, முன்னால் புல்வெளி, ரோஜாப் பாத்தி. பாட்டிமார் கணப்படுப்பின் அருகே இருப்பார்கள், பிள்ளைகள் புல்வெளியில் ஓடுவார்கள், மற்றவர்களுக்கு விறாந்தை. ஒருவர் கண்ணில் மற்றவர் பட்டுக்கொண்டே, ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லாமல் இருக்கலாம். கூட்டுக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான வீட்டை நான் இந்த நாட்டில் கண்டதில்லை.

1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போயிற்று. 2005இல் காசல்ரி, நோர்வூட், சம்மர்வில், டியன்சின் முதலிய பங்களாக்களை 'சிலோன் டீ டிரெயில்ஸ்' என்ற பெயரில் விருந்தினர் விடுதிகளாகத் திறந்தார்கள். அங்கே கட்டணம் மிக அதிகம். நடுத்தரக் குடும்பங்கள் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் விசாரித்தால் முழு வீடாக வாடகைக்கு விடும் பங்களாக்கள் கிடைக்கும். அரிசி, மரக்கறி வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருகிற இடங்களும் உண்டு. ஏப்ரல் வசந்தகாலத்தில் போவதானால் முன்கூட்டியே பேசிவையுங்கள். கம்பளிச் சட்டை மறக்க வேண்டாம்.

விறாந்தையில் நின்றால் இன்னொன்றும் கண்ணில் படும். கீழே, தகரக் கூரைகளோடு, தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள். பங்களாவில் ஒரு குடும்பத்துக்கு அத்தனை அறைகள். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா, முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களின் வம்சம் அங்கே வாழ்கிறது. மலையை வெட்டித் திருத்தியதும், பங்களாவுக்கு விறகு சுமந்ததும், கணப்படுப்பு மூட்டியதும், ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவர்கள்தான். அந்த வீட்டின் முன்வாசல் தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு மூடியே இருந்தது. அழகை ரசிக்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்றும் பங்களாவில் உங்களுக்குச் சமைத்துப் பரிமாறுபவர் லயத்துப் பிள்ளையாக இருக்கக்கூடும். பெயர் கேளுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், புறப்படும்போது கை நிறையக் கொடுங்கள். கொழுந்து எடுக்கும் அக்காமாரை அனுமதி கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். அன்றைய கிலோக் கணக்கு நிறைந்தால்தான் அவர்களுக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, விழும். அவர்கள் நேரத்தை வீணாக்காதீர்கள், நேயர்களே.