வரி கட்டாதவர் யார்?



"தோட்டத்து மக்கள் வருமான வரி கட்டுவதில்லை. பிறகு அரசாங்கத்தைக் கேள்வி கேட்க அவர்களுக்கு என்ன உரிமை?" என்று சிலர் பேசுவதை நீங்கள் கேட்டிருக்கலாம். அதைக் கேட்டு நம்மவரில் சிலர் தலை குனிவதும் உண்டு. தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லும் எங்களிடமே பெற்றோர் சிலர் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே, வரி கட்டுகிறவர் யார், வசதி படைத்தவர்கள் தங்கள் பங்கை நியாயமாகச் செலுத்துகிறார்களா என்பதை இன்று நாம் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பழைய கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நமது ஜொகூரில் ஆற்றோரக் காடுகளைச் சீனத் தொழிலாளர்கள் வெட்டித் திருத்தி, கேம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்தவருக்குக் காங்சூ என்று பெயர். அபின் விற்கவும், சாராயம் விற்கவும், சூதாட்டம் நடத்தவும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. அந்தக் குத்தகைப் பணம் அரசாங்க வருமானத்தின் முக்கியமான பகுதி. அதாவது, உடல் வலி மறக்கப் புகைத்த கூலிக்காரனின் காசிலிருந்து கஜானா நிரம்பியது. காங்சூ முறை 1917ல் ஒழிக்கப்பட்டது. பக்கத்துச் சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல ஆண்டுகள் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்தே வந்தது.

அதே காலத்தில் ரப்பர்க் கம்பெனிகள் பெரும் இலாபம் கண்டன. ஏற்றுமதியாகும் ரப்பருக்குத் தீர்வை இருந்தது உண்மை. ஆனால் அது பெரிய கம்பெனிக்கும், இரண்டு ஏக்கர் வைத்திருந்த சிறு தோட்டக்காரருக்கும் பொதுவானது. வருமான வரியோ, போர்க்காலங்களில் சில ஆண்டுகள் விதிக்கப்பட்டதோடு சரி. வர்த்தகர்களும் தோட்ட முதலாளிகளும் அதைத் தொடர்ந்து எதிர்த்தார்கள். 1947ல் சட்டம் இயற்றப்பட்டு, 1948 ஜனவரி முதல்தான் மலாயாவில் அது நிலைபெற்றது. ஏழை பல தலைமுறைகளாக வரி கொடுத்த பிறகே, பணக்காரரின் வருமானத்தைக் கணக்கெடுக்கும் சட்டம் நிலையாக வந்தது.

இனி இன்றைய கணக்கு. 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆண்டுக்கு 20,400 வெள்ளி. இதில் 9,000 வெள்ளி தனிநபர் கழிவு. ஊழியர் சேமநிதிக்குச் செலுத்தும் பணத்துக்கும் கழிவு உண்டு. மீதிக்கு வரும் சிறு வரியையும் 400 வெள்ளித் தள்ளுபடி துடைத்துவிடுகிறது. ஆகவே வருமான வரி இல்லை. இது யாரும் போட்ட பிச்சையன்று. தாங்கும் சக்தி இல்லாத தோளில் பாரம் ஏற்றக்கூடாது என்ற நியாயத்தினால் வந்தது.

அப்படியானால் நாம் வரியே கட்டவில்லையா? கடைக்குப் போய்ப் பாருங்கள். அரிசி போன்ற அடிப்படை உணவுக்கு விற்பனை வரி இல்லை. ஆனால் மற்றப் பொருள்கள் பலவற்றின் விலைக்குள் 5 அல்லது 10 விழுக்காடு விற்பனை வரி ஒளிந்திருக்கிறது. தொழிற்சாலையிலோ இறக்குமதியிலோ கட்டப்படுவதால் கடை ரசீதில் அது தெரிவதில்லை. 2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி வந்தபோது ரசீதில் கண்ணால் பார்த்தோம். 2018 ஜூனில் அது பூஜ்யமாக்கப்பட்டு, செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரிகள் திரும்பி வந்தன. வரி கண்ணுக்கு மறைந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறோம். ஒரு பொருளின் விலையில் 50 வெள்ளி வரி அடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,700 வெள்ளி பெறுகிறவருக்கு அது சம்பளத்தில் நூறு வெள்ளிக்கு ஏறத்தாழ 3 வெள்ளி. மாதம் ஒரு லட்சம் வெள்ளி பெறுகிறவருக்கு நூறு வெள்ளிக்கு 5 சென். வரி ஒன்றுதான்; பாரம் ஒன்றல்ல.

வசதி படைத்தவர்கள் வரியே கட்டுவதில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். வருமான வரி படிப்படியாக ஏறுகிறது. வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 70,000 வெள்ளியைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 19 விழுக்காடு. 20 லட்சம் வெள்ளியைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 விழுக்காடு. பெரிய கம்பெனிகள் இலாபத்தில் 24 விழுக்காடு கட்டுகின்றன. இவை நியாயமானவையே.

ஆனால் பெருஞ்செல்வம் சம்பளமாக வருவதில்லை. பங்கு விலை ஏற்றமாகவும், நிலத்தின் மதிப்பாகவும், தகப்பன் விட்டுச் சென்ற சொத்தாகவும் வருகிறது. பங்குச் சந்தையில் உள்ள பங்குகளைத் தனிநபர் முதலீட்டாளர் விற்றுப் பெறும் இலாபத்துக்கு வரி இல்லை. கம்பெனிப் பங்காதாயத்துக்கு, ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட பகுதியில் மட்டும், 2025 முதல் 2 விழுக்காடு. பெருஞ்சொத்துக்கு இருந்த மரணச் சொத்து வரி 1991 நவம்பரில் ஒழிக்கப்பட்டது. இந்தியா அதை 1985லும் சிங்கப்பூர் 2008லும் நீக்கின.

நிலத்தைப் பாருங்கள். ஜொகூர் பாரு, கூலாய்ப் பக்கம் எத்தனை தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின! ஐந்தாண்டுக்கு மேல் வைத்திருந்த நிலத்தை ஒரு கம்பெனி விற்றால், சொத்து ஆதாய வரி 10 விழுக்காடு. 2013க்கு முன் வாங்கிய நிலமானால் அந்த ஆண்டின் சந்தை விலையிலிருந்தே ஆதாயம் கணக்கிடப்படுகிறது. அதற்கு முன் ஏறிய மதிப்பு கணக்கில் வருவதில்லை. அந்த மண்ணைப் பண்படுத்தி விலை ஏறச் செய்ததில் நம் பாட்டன் பூட்டன் உழைப்பும் உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் மாநிலத்திலேயே நடக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேலாங் பாத்தா அருகே கடலைத் தூர்த்து எழுப்பிய ஃபோரஸ்ட் சிட்டியில் சிறப்பு நிதி வட்டாரம் ஒன்று அமைகிறது. செல்வந்தக் குடும்பம் ஒன்று தன் சொத்தை நிர்வகிக்க அங்கே அலுவலகம் வைத்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்த வருமானத்துக்கு வரி பூஜ்யம் என்று 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. சொத்து குறைந்தது 3 கோடி வெள்ளி இருக்க வேண்டும். சலுகை முதலில் 10 ஆண்டுகளுக்கு.

இதற்கு ஆதரவாகவும் காரணம் இருக்கிறது. பக்கத்தில் சிங்கப்பூர் இருக்கிறது. சலுகை தராவிட்டால் பணம் அங்கே போய்விடும். வந்தால் முதலீடு வரும், வேலை வரும் என்கிறார்கள். இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. ஆனால், இரண்டு நாடுகள் போட்டி போட்டுக்கொண்டு வரியைக் குறைத்தால் இலாபம் அடைகிறவர் இடம் மாறக்கூடிய பணக்காரர்தான். செம்பனைக் குலை வெட்டுகிறவர் தன் உழைப்பைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வேறு நாட்டுக்கு ஓட முடியாது. விட்டுக்கொடுத்த வரி பள்ளிக்கூடத்திலோ மருத்துவமனையிலோ குறையாகத் தெரியும். இல்லாவிட்டால் கடை விலையில் ஏறும்.

ஆகவே எங்கள் முடிவு இதுதான். சம்பளத்தில் பணக்காரர் தம் பங்கைக் கட்டுகிறார். செல்வத்தில் கட்டுவது குறைவு. அந்தக் குறையை யார் நிரப்புகிறார் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. நாமும் வரி கட்டுகிறவர்கள்தாம். வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்படும் நாளில் வீட்டில் வானொலியைத் திறந்து வையுங்கள். சிகரெட் விலை ஏறியதா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். யாருக்குச் சலுகை, எத்தனை ஆண்டுக்கு, அதற்கு ஈடாக நம் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை என்று கவனியுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் அதையே கேளுங்கள். பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.