கீழாநெல்லி குடிச்சாச்சு, ரத்தம் பார்த்தாச்சா?



கடன், சேமிப்பு பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. நான் மஞ்சக்காமாலை பற்றிச் சொல்றேன். எங்க குப்பத்துல கண்ணு மஞ்சளானா கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கி வெறும் வயித்துல கொடுப்போம். இதை நான் கேலி பண்ணல. நம்ம சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியாகராஜன் இதையே ஆராய்ச்சி செய்தார். ஹெபடைட்டிஸ் பி கிருமி இருந்த 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருத்தருக்குத்தான் அப்படி ஆனது. 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பிளம்பர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். பெருமைதான். ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அப்போ நம்ம வீட்டுல மட்டும் எப்படித் தெளியுது? மஞ்சக்காமாலை ஒரே நோய் இல்லைங்க. குடிதண்ணியில சாக்கடை கலந்து வர்ற ஏ, ஈ வகை பெரும்பாலும் தானாவே சரியாயிடும். பேர் கீழாநெல்லிக்குப் போயிடுது. (ஈ வகை கர்ப்பிணிக்கு வந்தா உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரி.) பி, சி வகை அப்படி இல்லை. கண்ணுல மஞ்சளே காட்டாம வருஷக்கணக்கா இருந்து கல்லீரலைச் சுருக்கும், புற்றுநோயிலும் கொண்டு விடும்.

என் நாத்தனாருக்குக் கர்ப்பத்துல எடுத்த ரத்தப் பரிசோதனையிலதான் பி இருக்குறது தெரிஞ்சது. உடம்புல ஒரு குறையும் இல்லை. மாமியார் அவ தட்டு, டம்ளரைத் தனியா வெச்சாங்க. ‘சேர்ந்து சாப்பிட்டா ஒட்டாதும்மா, ரத்தத்துலயும் தாம்பத்தியத்துலயும்தான் பரவும், அவர் பையனையும் கூட்டி வாங்க’ன்னார் டாக்டர். குழந்தை பிறந்த அன்னிக்கே தடுப்பூசியும் இன்னொரு ஊசியும் போட்டாங்க. தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள்ள போடணும். மீதித் தவணையும் விடாம போட்டோம். பாலும் கொடுத்தா. ஒரு வயசுக்கு மேல பரிசோதிச்சதுல பிள்ளைக்குக் கிருமி இல்லை.

2018-லிருந்து மத்திய அரசுத் திட்டத்துல இதுக்கான பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சி வகை பெரும்பாலும் மூணு மாச மாத்திரையிலேயே குணமாயிடுது. பி-யை அடக்கி வைக்க மாத்திரை உண்டு. எல்லாருக்கும் உடனே தேவைப்படாது, ஆனா டாக்டர் சொல்ற நாள்ல போய்க் காட்டணும். நமக்கு ஸ்டான்லி பக்கத்துலயே இருக்கு.

கர்ப்பமா இருக்கிற தங்கச்சிங்க வீட்டுக்குப் போனதும் அட்டையை எடுத்து, எச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனை செஞ்சிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா செவிலியர் அக்காகிட்ட கேளுங்க.