கனடியரின் அன்றாட வாழ்க்கையிற் சில விநோதங்கள்
(எமது சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



கனடாவைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் கேட்டபொழுது, அந்நாட்டின் பரப்பு, கனிவளம், கோதுமை விளைச்சல் என்பவற்றைச் சொல்லி உங்களை உறங்க வைப்பதில்லை என்று முன்னரே தீர்மானித்துக்கொண்டோம். அவை பாடப் புத்தகங்களில் உள்ளன. 1983 ஆம் ஆண்டின் பின் நம்மவர் பல்லாயிரவர் அங்கே குடியேறிவிட்டபடியால், கனடாவில் உறவினர் இல்லாத ஒருவரை இம்மண்டபத்திலே தேடிப் பிடிப்பதும் அரிது. ஆயினும் அவ்வுறவினர் தொலைபேசியிற் குளிரையும் வீட்டுக் கடனையும் பற்றிச் சொல்வார்களேயன்றி, அயல்வீட்டுக் கனடியர் எப்படி வாழ்கிறார் என்று சொல்வதில்லை. அதையே இன்று சொல்லப் புகுந்தோம்.

பாலிலிருந்து தொடங்குவோம். ஒன்ராறியோ, கியூபெக் மாகாணங்களிலும் கிழக்குக் கரையோர மாகாணங்களிலும் பாலைப் பையில் அடைத்து விற்கிறார்கள். ஒரு பெரிய பையினுள் மூன்று சிறு பைகள். மூன்றும் சேர்ந்து 4 லீற்றர். சிறு பையொன்றை அதற்கென்றே செய்த பிளாஸ்ரிக் சாடியில் இறக்கி, மூலையைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு வார்க்க வேண்டும். நறுக்கிய வாய் சற்றுப் பெரிதாகிவிட்டால் மேசையெல்லாம் பால்தான். மேற்கு மாகாணத்தவர் இதைக் கண்டு சிரிக்கிறார்கள். ஆனால் இதற்கும் ஒரு காரணம் உண்டு. 1970களில் அந்நாடு மெற்றிக் அளவைக்கு மாறியபோது, போத்தலையும் கடதாசிப் பெட்டியையும் புதிய அளவிற்கு மாற்றுவது பெருஞ் செலவாயிற்று. பையையோ சற்றுக் கூட்டியோ குறைத்தோ ஒட்டினாற் போதும்.

அந்த அளவை மாற்றம் இன்னும் பாதி வழியிலேதான் நிற்கிறது. கனடியர் வெளிக் குளிரைச் செல்சியஸிற் சொல்வார். அடுப்பின் சூட்டைப் பரனைற்றிற் சொல்வார். வீதியில் கிலோமீற்றர், ஆளின் உயரம் அடியிலும் அங்குலத்திலும். இன்னோர் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் இரண்டையும் விட்டு, ‘நான்கு மணித்தியாலம்’ என்பார். இது சிரிப்போடு போகாத நாளும் ஒன்று இருந்தது. 1983 ஜூலை 23 ஆம் திகதி எயர் கனடா விமானமொன்றிற்கு எரிபொருள் நிரப்பியவர்கள், கிலோகிராமிற் கணக்கிட வேண்டியதை இறாத்தலுக்குரிய எண்ணைக்கொண்டு கணக்கிட்டுவிட்டார்கள். நடுவானில் எண்ணெய் தீர்ந்தது. மனிற்றோபா மாகாணத்தில் கிம்லி என்னும் ஊரில், கைவிடப்பட்டிருந்த பழைய விமானத் தளத்தில், விமானியர் அதைப் பருந்துபோல் மிதக்கவிட்டு இறக்கினர். அன்று அத்தளத்தில் மோட்டார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஓர் உயிரும் போகவில்லை.

கியூபெக்கில் இன்னொரு கூத்து. அங்கே வீட்டு வாடகை உடன்படிக்கைகளிற் பெரும்பாலானவை ஜூன் 30 இல் முடிந்துவிடுமாதலால், ஜூலை 1 ஆம் திகதி மாகாணம் முழுவதும் வீடு மாறுகிறது. நாட்டின் மற்றைய பகுதிகள் கனடா தினம் கொண்டாட, மொன்றியல் நகரத்தார் குளிர்சாதனப் பெட்டியை மாடிப்படியிலே இறக்கிக்கொண்டிருப்பர். முன்னர் இது மே 1 இல் நடந்தது. பிள்ளைகளின் படிப்பு நடுவிற் குழம்புகிறதென்று 1970களிற் பின்தள்ளினார்கள்.

இனிக் குளிருக்கு வருவோம். அந்நாட்டு விநோதங்களிற் பாதி குளிர் பெற்ற பிள்ளைகளே. வின்னிப்பெக், எட்மன்ரன் போன்ற நகரங்களிற் கார்களின் முகத்திலிருந்து மின்வயர் ஒன்று தொங்கும். பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை என்றால் எஞ்சின் எண்ணெய் தடித்துவிடும். ஆகவே இரவிற் காரை மின்சாரத்தில் மாட்டி, எஞ்சினுக்குச் சூடு கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள். மொன்றியலில் 30 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நிலக்கீழ் நடைபாதைகள் உண்டு. குளிர் மேலங்கியின்றியே கடை, அலுவலகம், புகையிரதம் என்று ஒரு நாளைக் கழித்துவிடலாம். சப்பாத்தைக் கழற்றாமல் கனடியர் எவரும் வீட்டினுள் நுழைவது அரிது. விருந்துக்குப் போகிறவர் உள்ளே அணிய வேறொரு சோடியைப் பையிற் கொண்டுபோவதும் உண்டு. வாசலில் அவிழ்த்து வைத்த சப்பாத்துகளைக் கண்டபோது, நம் ஊர்க் கலியாண வீடொன்றிற்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. அங்கே காரணம் ஆசாரமன்று. பனியும், அதைக் கரைக்க வீதியிற் கொட்டும் உப்பும்.

ஹட்சன் விரிகுடாக் கரையில் சேர்ச்சில் என்று ஒரு சிற்றூர். கடல் உறைவதற்குக் காத்திருக்கும் வெண்கரடிகள் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் அவ்வூர்ப் பக்கம் திரளும். ஆகையால் அங்கே பலர் கார்க் கதவைப் பூட்டுவதில்லை. தெருவிற் கரடியை எதிர்ப்பட்டவர் யாருடைய காரிலும் ஏறிக்கொள்ளலாம். ஊருக்குள் வரும் கரடிகளை அடைத்துவைக்க ஒரு சிறைச்சாலையும் வைத்திருக்கிறார்கள். கைதிக்குத் தண்ணீர் உண்டு, சாப்பாடு இல்லை. சாப்பாடு கொடுத்தால் மறுபடியும் வந்துவிடுமல்லவா? பின்னர் ஹெலிகொப்ரரிலே தூக்கித் தொலைவிற் கொண்டுபோய் விடுகிறார்கள்.

அயலவர் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்பது நம்மவரின் ஓயாத முறைப்பாடு. அதில் உண்மை உண்டு. குளிர்காலத்திற் கதவடைத்துக் கிடக்கும் நம் முதியோரின் தனிமையை நாம் நேரிற் கண்டோம். அதைச் சிறிதாக்கிப் பேச மாட்டோம். ஆனால் நாம் தங்கிய வீட்டுக்கு அண்மையில், எழுபது கடந்த தமிழ் அம்மையார் ஒருவரின் வாசற் பனி விடியுமுன் தள்ளப்பட்டிருக்கும். தள்ளுபவர் எதிர்வீட்டு வெள்ளைக்காரர் என்று அறிய அவருக்கு ஒரு மாதம் சென்றது. வடையுடன் போய்க் கதவைத் தட்டியபோது, சத்தத்தால் எழுப்பிவிட்டேனோ, மன்னியுங்கள் என்றாராம் அவர்.

இந்த ‘மன்னியுங்கள்’ இருக்கிறதே, அது தனிக் கதை. (ஆங்கிலச் சொல்லை நம் எழுத்தில் எழுதினாற் சிரங்கு நினைவுக்கு வருமாதலால் தமிழிலேயே சொல்லுகிறோம்.) பஸ்ஸிலே நாம் அவருடைய காலை மிதித்தால், மிதிபட்டவரே நம்மிடம் மன்னிப்புக் கேட்பார். மின்தூக்கியில் இருவர் ஒருமித்து ஏறப்போனால், மாறி மாறி மன்னிப்புக் கேட்பதிற் கதவு மூடிவிடும். இதற்குச் சட்டமே செய்ய நேர்ந்தது. மன்னிப்புக் கேட்பது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமோ என்று அஞ்சி வைத்தியரும் கார் ஓட்டியவரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். 2006 இல் பிறிட்டிஷ் கொலம்பியாவும், 2009 இல் ஒன்ராறியோவும், அவ்வாறு கேட்ட மன்னிப்பை நட்டஈட்டு வழக்கிற் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்று சட்டம் இயற்றின.

கால் மிதிபட்டதற்கு இவ்வளவு எளிதாக வரும் அச்சொல், அந்நாட்டின் ஆதிக்குடிகளுக்கு வர நெடுங்காலம் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் 1990களின் பிற்பகுதிவரை, அரசாங்கமும் திருச்சபைகளும் நடத்திய விடுதிப் பாடசாலைகளுக்கு அம்மக்களின் பிள்ளைகள் 150,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டனர். தாய்மொழி பேசியதற்குத் தண்டனை உண்டு. வீடு திரும்பாமலே இறந்த பிள்ளைகள் பல்லாயிரவர். 2008 ஜூன் 11 இலேதான் பிரதம மந்திரி பாராளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அது போதுமா என்று அம்மக்கள் இன்னும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமென்பதே எமது எண்ணம்.

1973 இல் பிறிட்டிஷ் கொலம்பியாவில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, பாட்டி வாங்கித் தந்த செம்மஞ்சட் சட்டையை உடுத்து அத்தகைய விடுதிக்குப் போனாள். முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள், திருப்பிக் கொடுக்கவேயில்லை. அதன் நினைவாக 2013 முதல் செப்ரெம்பர் 30 இற் பலர் செம்மஞ்சட் சட்டை அணிகிறார்கள். 2021 முதல் அது நாட்டு நினைவுநாளுமாயிற்று. ஒன்ராறியோவில் அன்று பாடசாலை உண்டு. நம்மவர் பிள்ளைகளும் அந்நிறச் சட்டையுடன் போகிறார்கள். அதை மடிப்பு நீக்கிக் கொடுக்கும் அம்மம்மா, ஏனடா இந்த நிறம் என்று கேட்டால், ஆங்கிலம் பாதி தமிழ் பாதியாக அச்சிறுமியின் கதையை அவர்கள் சொல்லுகிறார்கள்.