கை அறிவது எவ்வாறு?



மாமல்லபுரம் செல்வோர் பலர் கடற்கரைக் கோயிலைக் கண்டதும் திரும்பிவிடுகின்றனர். தெருவோரப் பட்டறைகளிலும் சிறிது நேரம் நின்று பாருங்கள். கல் செதுக்கும் சிற்பியின் கண் உளியின் முனைமேல் பதிந்திருக்கும். ஓங்கிய சுத்தியலை அவர் பார்ப்பதில்லை. ஆயினும் அடி தவறுவதில்லை. எவ்வாறு?

கை எங்கே இருக்கிறது என்பதைத் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நரம்பு முனைகள் இடையறாது மூளைக்கு அறிவிக்கின்றன. ஐம்புலன்களைப் பற்றிப் பல்லாண்டு பாடம் நடத்திய நான், இதனை மாணவர்களுக்குச் சொல்லாமலே விட்டுவிட்டேன்! விரல்நுனித் தோலோ, உளியின் அதிர்வையும் வழுக்கலையும் உணர்த்துகிறது. கண், கோடு செல்லும் திசையைக் காட்டுகிறது. மூளை இம்மூன்றையும் எடை போட்டு, அவ்வேளையில் எது நம்பத்தக்கதோ அதற்கு மிகுந்த மதிப்பளித்துக் கைக்கு ஆணையிடுகிறது. வெளிச்சத்தில் கண்ணுக்கு மதிப்பு, இருட்டில் தொடுகைக்கு. பிடித்த பொருள் நழுவினால், நாம் எண்ணிப் பார்க்குமுன்னரே பிடி இறுகிவிடுகிறது.

இச்செய்திகளுள் ஒன்று நின்றுபோனால்? செங்கற்பட்டுக்கு வாருங்கள். 1947ஆம் ஆண்டில், அங்கிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேனைக் காண, வேலூரிலிருந்து டாக்டர் பால் பிராண்ட் வந்தார். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் அவர், அறுவை மருத்துவர். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், தம் கையை இறுகப் பற்றுமாறு சொன்னார். அந்தப் பிடியில் வலி பொறுக்கமாட்டாமல் பிராண்ட் கூவிவிட்டாராம்! கையின் சிறு தசைகள் செயலிழந்திருந்தன. முன்கையின் பெருந்தசைகளோ வலிமை குன்றவில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்று அறிவிக்கும் தோலுணர்ச்சிதான் இறந்துபோயிருந்தது.

வலிமையுள்ள தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை 1948 முதல் வேலூரில் பிராண்ட் நிமிர்த்தலானார். ஆனால் உணர்ச்சியைத் தைத்துக் கொடுக்க எந்த ஊசியாலும் இயலவில்லை. நிமிர்ந்த கைகள் கொதிக்கும் பாத்திரத்தைப் பற்றின; கருவியை அளவுக்கு மீறி அழுத்திப் புண்ணாயின. ஆகவே, நாள்தோறும் தம் கைகளைக் கண்ணால் சோதித்துக்கொள்ள நோயாளிகளுக்குக் கற்பித்தனர். கருவிகளின் பிடிகளைப் பருமனாக்கினர். தோல் செய்துவந்த காவலைக் கண் ஏற்றுக்கொண்டது.

இன்று தொழுநோயைக் கூட்டு மருந்துகளால் குணமாக்கலாம். காலம் தாழ்த்தி இழந்த உணர்ச்சியோ பெரும்பாலும் மீள்வதில்லை. தொட்டால் உணர்ச்சியற்ற, வெளிறிய தேமலை யாரிடமேனும் கண்டால், அவரை மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.